எரிச்சல் நோட்டு நிரம்பிவிட்டது. இதில் எது தொழிலாகும்?

கோடுபோட்ட நோட்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சொந்தமாக ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் ரொம்ப நாளாக இருக்கிறது. அன்றாடம் படும் தொல்லைகளில்தான் தொழில் ஒளிந்திருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதை நம்பி, எனக்கு எரிச்சல் தரும் எதையும் விடாமல் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன்.

உதாரணத்துக்குச் சில: பார்சல் வரும் நேரத்தில் வீட்டில் ஆள் இருப்பதில்லை. சார்ஜர் ஒயர் எப்போதும் கழுத்துப் பகுதியில்தான் பிய்கிறது. மருந்தோடு வரும் தாளில் எழுத்து படிக்கவே முடியாத அளவுக்குப் பொடி. டாக்டரிடம் நேரம் வாங்கிக்கொண்டு போனாலும் மணிக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கிறது. சந்தாவில் சேர ஒரு பட்டன் போதும், விலகுவதற்குப் பத்துப் பக்கம் தாண்ட வேண்டும். கடவுச்சொல் மறந்துபோகிறது. இப்படியே நோட்டு முழுக்க.

சிக்கல் என்னவென்றால், எதை எடுப்பது என்று தெரியவில்லை. தோழிகளிடம் வாசித்துக் காட்டினால் எல்லாவற்றுக்கும் "ஆமாம்ப்பா, பெரிய தலைவலி" என்கிறார்கள். "இதைத் தீர்க்க ஒன்று வந்தால் வாங்குவாயா?" என்று கேட்டால் அதற்கும் "கண்டிப்பாக" என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வந்தால் அதை வைத்து நான் என்ன முடிவு செய்வது? வெறும் புலம்பல் எது, காசு கொடுத்துத் தீர்த்துக்கொள்ள நினைக்கும் தொல்லை எது என்று பிரித்துப் பார்க்க வழி இருக்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

திருப்புளி எழுதியது:

சகோதரி, உங்கள் நோட்டை வீண் என்று நினைக்க வேண்டாம். அதில் ஒரு பத்திதான் குறைகிறது. தொல்லையை எழுதியிருக்கிறீர்கள், அந்தத் தொல்லையை வைத்துக்கொண்டு மனிதர்கள் இப்போது எப்படி ஒப்பேற்றுகிறார்கள் என்பதை எழுதவில்லை. நான் நம்பும் வடிகட்டி அது ஒன்றுதான். ஒப்பேற்றும் வேலை நடக்கிற இடத்தில் தொழில் இருக்கிறது. வாய்ப்பேச்சு மட்டும் நடக்கிற இடத்தில் பெரும்பாலும் இல்லை.

நான் வீட்டுச் சாமான்கள் பழுதுபார்ப்பவன். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், பாத்திரம் கழுவும் இயந்திரம், இந்த மாதிரி. ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண் தேடுவது டேப்பைத்தான். ஃபிரிட்ஜ் கதவின் உள்பக்கம் பாட்டில் வைக்கும் தட்டு இருக்கும் அல்லவா, அதன் இரண்டு ஓரத்திலும் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கொக்கி இருக்கும். பாரம் தாங்காமல் அதுதான் முதலில் உடையும். உடைந்த தட்டை யாரும் தூக்கிப் போடுவதில்லை. டேப் ஒட்டுவார்கள். குளிருக்கும் ஈரத்துக்கும் பசை விட்டுவிடும். அதன்மேல் இன்னொரு சுற்று, அப்புறம் இன்னொன்று. நான் பார்க்கும்போது டேப்பே தட்டின் கனத்துக்கு ஏறியிருக்கும். அடியில் இருப்பது கறுத்துப் பிசுபிசுத்து, மேலே இருப்பது புதிதாக. எத்தனை முறை மெனக்கெட்டிருக்கிறார்கள் என்று அந்த அடுக்கே சொல்லிவிடும். இத்தனைக்கும் அவர்கள் என்னைக் கூப்பிட்டது வேறு பழுதுக்கு. தட்டைப் பற்றி ஒரு வார்த்தை புகார் இருக்காது. கிளம்பும்போது மட்டும், "இந்தத் தட்டு தனியாகக் கிடைக்குமா?" என்று கேட்பார்கள்.

அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் என் இரண்டாவது தொழில் வந்தது. இப்போது கொக்கி, குமிழ், மூடி, கதவு ரப்பர் என்று சின்ன உதிரிப்பாகங்களைத் தேடிப்பிடித்து விற்கிறேன். எங்கும் கிடைக்காததை அளவெடுத்துச் செய்தும் கொடுக்கிறேன்.

அதே வீடுகளில் சத்தமாகப் புகார் வந்தது வேறொன்றைப் பற்றி: வாஷிங் மெஷின் போடும் சத்தம். பேச உட்கார்ந்தால் அதையே சொல்வார்கள். ஆனால் மெஷினுக்கு அடியில் ஒரு ரப்பர் விரிப்பு இருக்காது, பழைய துணிகூட மடித்து வைத்திருக்க மாட்டார்கள். கதவைச் சாத்திக்கொள்வார்கள், அவ்வளவுதான். அந்தச் சத்தத்தைக் குறைக்க நான் ஒன்றும் விற்கவில்லை. பேச்சு பெரிதாக இருந்தாலும் அதற்காக யாரும் ஒரு துரும்பைக்கூட நகர்த்தவில்லை.

உதிரிப்பாகம் கிடைக்காத தொல்லையை அரசுகளே கவனிக்க ஆரம்பித்துவிட்டன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, ஒரு மாடலை விற்பதை நிறுத்திய பிறகும் ஃபிரிட்ஜுக்கான பாகங்கள் குறைந்தது 7 ஆண்டுகளும் அதன் கதவு ரப்பர் 10 ஆண்டுகளும் கிடைத்தாக வேண்டும். கதவு ரப்பருக்கு மட்டும் தனியாக 10 ஆண்டு போட்டிருப்பதைப் படித்தபோது மனம் நிறைந்துவிட்டது. ரப்பர் தளர்ந்ததற்காக ஓடுகிற பெட்டியைத் தூக்கிப் போடும் அநியாயம் யாரோ ஒருவர் கண்ணில் பட்டிருக்கிறது.

பழைய கதைகளைப் பார்த்தாலும் இதுதான் தெரியும். பேண்ட்-எய்ட் பிறந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 1920-ல் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தில் பஞ்சு கொள்முதல் செய்யும் வேலையில் இருந்தவர் ஏர்ல் டிக்சன். அவர் மனைவி ஜோசஃபினுக்குச் சமையலறையில் அடிக்கடி விரல் வெட்டுப்படும், சூடுபடும். ஜோசஃபின் பேசாமல் இருக்கவில்லை. பஞ்சுத் துணியைக் கத்தரித்து, டேப்பைக் கத்தரித்து, ஒற்றைக் கையால் கட்டிக்கொண்டுதான் இருந்தார். அது நிற்காமல் கழன்று விழுந்துகொண்டிருந்தது. டிக்சன் செய்தது இதுதான்: டேப்பை நீளமாக விரித்து, இடைவெளி விட்டுத் துணித் துண்டுகளை முன்கூட்டியே ஒட்டி, பசை காயாமல் மேலே ஒரு துணியால் மூடி வைத்தார். வேண்டும்போது தேவையான அளவு வெட்டிக்கொள்ளலாம். மனைவி ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலையைத்தான் அவர் முடித்துக் கொடுத்தார்.

மெலிட்டா பென்ஸ் 1908-ல் காப்பி வடிகட்டித் தாளுக்குக் காப்புரிமை வாங்கியதும் அப்படித்தான். மகனுடைய நோட்டிலிருந்து மையொற்றும் தாளைக் கிழித்து, அடியில் ஓட்டை போட்ட பாத்திரத்தில் வைத்து வடித்துப் பார்த்தார். 3எம் நிறுவனத்தில் ஆர்ட் ஃபிரை பாட்டுப் புத்தகத்துக்குள் துண்டுச் சீட்டுகளை அடையாளத்துக்குச் செருகி வைத்தார், அவை நழுவி விழுந்துகொண்டே இருந்தன. அங்கிருந்து வந்ததுதான் ஒட்டி ஒட்டி எடுக்கும் போஸ்ட்-இட் சீட்டு. இன்னும் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் எம்-பெசா. ஆப்பிரிக்காவில் சில நாடுகளில் மக்கள் ஊருக்குப் பணம் அனுப்ப வழியில்லாமல், செல்போன் டாப்-அப்பை வாங்கி உறவினர்களுக்கு மாற்றிவிட்டு அதையே பணமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். 2007-ல் கென்யாவில் செல்போன் வழியாகவே பணம் அனுப்பும் எம்-பெசா சேவை வந்தபோது, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று மக்களுக்குப் பாதி ஏற்கெனவே தெரிந்திருந்தது.

ஆகவே நாளை முதல் தொல்லையைத் தேடாதீர்கள். டேப், ரப்பர் பேண்ட், மடித்துச் செருகிய அட்டை, இவற்றைத் தேடுங்கள். எனக்கு மிகப் பிடித்தது கையால் எழுதி ஒட்டிய அறிவிப்பு. 'இந்தப் பட்டனை இரண்டு முறை அழுத்தவும்', 'கதவை இழுத்துத் தூக்கிச் சாத்தவும்' என்று எங்காவது ஒட்டியிருந்தால், அங்கே யாரோ ஒருவர் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்ப் பேனாவை எடுத்திருக்கிறார் என்று அர்த்தம். உங்கள் கணக்குப் பிரிவிலேயே பாருங்கள். விலை உயர்ந்த மென்பொருள் இருக்கும். ஆனால் அதிலிருந்து விவரத்தை இறக்கி, எக்செல்லில் ஒட்டி, அச்செடுத்து, பேனாவால் ஒவ்வொன்றாக டிக் போடும் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் உங்கள் நோட்டில் இல்லாதது கிடைக்கும்.

---

கல்லாப்பெட்டி எழுதியது:

திருப்புளி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தொல்லை யாருக்கு, காசு யாருடையது, இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

கடைகளில் தள்ளுவண்டி வந்த கதை தெரிந்திருக்கும். 1937-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் சில்வன் கோல்ட்மன் என்ற கடைக்காரர் கொண்டுவந்தார். வாங்க வந்தவர்கள் கூடையைச் சுமந்துகொண்டு திரிந்தார்கள், அது அவர்கள் தொல்லை. கூடை நிறைந்ததும் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள், அது கடைக்காரர் நஷ்டம். வண்டிக்குச் செலவழித்தவர் கடைக்காரர்தான். வண்டி வந்த புதிதில் அதைத் தொடவே வாடிக்கையாளர்கள் தயங்கினார்கள். ஆட்களைக் கூலிக்கு அமர்த்தி, கடைக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க வைத்தார் கோல்ட்மன். தன் பணம் கரைவதைப் பார்த்தவர் என்பதால் அந்த அளவுக்கு மெனக்கெட்டார்.

அடுத்தது, உங்கள் சந்தா விவகாரம். சில தொல்லைகள் இன்னொருவருடைய வருமானம். அவற்றில் கை வைத்தால் எதிர்ப்பு வரும். ஜேம்ஸ் டைசன் பை இல்லாத வாக்குவம் கிளீனருக்கு 5,127 மாதிரிகள் செய்து பார்த்தார். பை அடைத்துக்கொண்டு உறிஞ்சும் வேகம் குறைவது எல்லா வீட்டிலும் இருந்த தொல்லை. ஆனாலும் பெரிய கம்பெனிகள் அவருடைய வடிவமைப்பை ஏற்கவில்லை. பைகளை விற்பதே அவர்களுக்கு ஓயாத வருமானமாக இருந்தது. கடைசியில் சொந்தமாகத் தொழிற்சாலை வைத்து 1993-ல்தான் தன் பெயரில் முதல் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பிரிண்டர் டோனரைத் திரும்ப நிரப்பி விற்றவர்கள் மீது தயாரிப்பாளர் தொடுத்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 2017-ல்தான் 'விற்ற பொருள் மீது காப்புரிமையைக் காட்டித் தடுக்க முடியாது' என்று தீர்ப்பு வந்தது. சந்தாவிலிருந்து விலக உதவும் சேவை செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எதிரில் நிற்பவருக்கு அந்தப் பத்துப் பக்கமும் தற்செயல் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

---

எதிர்க்கேள்வி எழுதியது:

திருப்புளி ஐயா சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, முழுக்க ஏற்க முடியவில்லை. ஒப்பேற்றும் வேலையைத் தேடு என்றால், மனிதர்கள் பழகிப்போய் உணர்வே இல்லாமல் தாங்கிக்கொள்ளும் தொல்லைகள் கண்ணுக்கே படாதே? சூட்கேஸுக்குச் சக்கரம் வைத்ததைப் பாருங்கள். சக்கரம் எவ்வளவு பழைய விஷயம்! பெர்னார்ட் சாடோ 1970-ல்தான் அதை யோசித்தார், 1972-ல் காப்புரிமை கிடைத்தது. கடைகள் முதலில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பின. அதற்கு முன் கோடிக்கணக்கான பேர் தோள் வலிக்கத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அங்கே என்ன டேப், என்ன ரப்பர் பேண்ட்?

இன்னொன்று. உங்கள் கணக்குப்படி ஒப்பேற்றும் வேலை இருந்தாலே தொழில் என்றால், கார் கண்ணாடி வைப்பருக்கு ஏன் அந்தக் கதி? மேரி ஆண்டர்சன் 1903-ல் காப்புரிமை வாங்கினார். அந்தக் காலத்தில் பனியிலும் மழையிலும் ஓட்டுநர்கள் ஜன்னலைத் திறந்து தலையை நீட்டியோ, இறங்கித் துடைத்தோதான் ஓட்டினார்கள். ஒப்பேற்றும் வேலை கண்ணெதிரே நடந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை.

---

திருப்புளி எழுதியது:

நல்ல கேள்விகள், நன்றி. இரண்டாவதை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் அந்தப் பெண்மணியின் கதை எனக்கு எப்போதும் வருத்தம் தருவது.

1905-ல் ஒரு கனடா நிறுவனத்துக்கு உரிமையை விற்க முயன்றார். வணிக மதிப்பு இல்லை என்று பதில் வந்தது. 1920-ல் காப்புரிமைக் காலம் முடிந்தது. 1922-ல் கேடிலாக் தன் கார்களில் வைப்பரை வழக்கமான பாகமாகவே வைத்துவிட்டது. அவருக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை. ஒப்பேற்றும் வேலை நடந்தது உண்மை, ஆனால் 1903-ல் சாலையில் வண்டி எத்தனை? ஃபோர்டின் மாடல் டி வந்ததே 1908-ல். ஆகவே நீங்கள் கேட்டது சரி. ஒப்பேற்றும் வேலை இருந்தால் மட்டும் போதாது, எத்தனை பேர், எத்தனை தடவை என்றும் பார்க்க வேண்டும். காப்புரிமைக்குக் காலக்கெடு உண்டு என்பதையும் இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். சீக்கிரம் கண்டுபிடித்தவருக்குப் பலன் கிடைக்காமலே போகலாம்.

சூட்கேஸ் விஷயத்தில் உங்களோடு உடன்படவில்லை. அங்கே ஒப்பேற்றும் வேலை இருந்தது, காசும் கைமாறியது. சுமை தூக்க ஆள் வைத்தார்கள். பெட்டியை வைத்துக் கட்டி இழுத்துப்போகும் மடக்கு வண்டிகள் தனியாக விற்றன. வாடகை கொடுத்தோ, கூலி கொடுத்தோ, கூட வந்தவர் தலையில் கட்டியோ சமாளித்தார்கள். கூலிக்கு ஆள் வைப்பதும் டேப் ஒட்டுவதும் எனக்கு ஒன்றுதான். டேப்பாவது ஒட்டிய இடத்தில் அடையாளம் விட்டுப்போகும், கூலி கொடுத்த கணக்கு அன்றே மறந்துவிடும்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து நடந்தது. இன்று நாம் எல்லோரும் இழுக்கும் பெட்டி, நிமிர்ந்து நின்று இரண்டு சக்கரத்தில் ஓடி, நீளும் கைப்பிடி வைத்த அந்த வடிவம், 1987-ல் ராபர்ட் பிளாத் என்ற விமானி செய்தது. முதலில் யாருக்கு விற்றார்? கூட வேலை செய்யும் விமானிகளுக்கும் பணிப்பெண்களுக்கும். ஆண்டுக்கு ஒருமுறை பயணம் போகிறவர் பெட்டியின் கனத்தைச் சகித்துக்கொண்டு மறந்துவிடுவார். வேலையே பயணமாக இருப்பவருக்கு அது தினசரித் தொல்லை. அவர்கள் விமான நிலையத்துக்குள் இழுத்துப்போவதைப் பார்த்துத்தான் பயணிகள் கேட்க ஆரம்பித்தார்கள். ஆகவே, பழகிப்போய்க் கண்ணுக்குத் தெரியாத தொல்லையைப் பார்க்க வேண்டுமா, அதே தொல்லையை வேலையாகவே படுகிறவர் யார் என்று தேடுங்கள். நூறு பேருக்கு எப்போதாவது வருவது, அவருக்கு ஒரே நாளில் வந்துவிடும். அவர் ஏதாவது ஒரு வழி பண்ணி வைத்திருப்பார்.

---

கோடுபோட்ட நோட்டு எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சொன்னபடி புதிதாக ஒரு பத்தி போட்டு, ஒவ்வொரு தொல்லைக்கும் எதிரே 'இப்போது என்ன செய்கிறார்கள்?' என்று எழுத ஆரம்பித்தேன். எழுத எழுத நோட்டே வேறு மாதிரி ஆகிவிட்டது.

மருந்துத் தாள்: எல்லோரும் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். சார்ஜர்: டேப் சுற்றுகிறார்கள், எங்கள் அலுவலகத்தில் ஒருவர் பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை எடுத்து ஒயரின் கழுத்தில் சுற்றியிருக்கிறார், அழகாக நிற்கிறது. கடவுச்சொல்: நோட்டில் எழுதி வைக்கிறார்கள், யாரும் அதற்கு மேல் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. டாக்டர்: கிளம்புவதற்கு முன் வரவேற்பறைக்குப் போன் போட்டு 'இப்போது எத்தனையாவது ஆள் உள்ளே போயிருக்கிறார்?' என்று கேட்கிறார்கள்.

பார்சலில்தான் நிறையக் கிடைத்தது. எங்கள் கட்டடத்தில் கதவுகளில் சீட்டு ஒட்டியிருக்கிறது: 'பார்சலைப் பக்கத்து வீட்டில் கொடுக்கவும்.' தினமும் பார்க்கும் சீட்டுதான், இப்போதுதான் கண்ணில் பட்டது. கீழ்த்தளத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஒரு அக்கா இருக்கிறார். கிட்டத்தட்ட எல்லோருடைய பார்சலும் அவரிடம்தான் போகிறது. அவர் வீட்டு நடையில் பெட்டிகள் சுவரோரமாக இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருக்கின்றன. யாருடையது எது என்று மார்க்கரால் பெட்டி மேல் பெரிதாக வீட்டு எண்ணை எழுதி வைத்திருக்கிறார். சாயங்காலம் ஆனால் அவர் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு நாள் கூட இருந்து பார்த்தேன். எனக்கே பாவமாக இருந்தது.

இதை எடுக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் பயமும் இருக்கிறது. பெரிய கம்பெனிகள் பார்சல் பெட்டகங்கள் வைத்துவிட்டனவே? ஒரு ஆப் செய்து பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். எப்படி ஆரம்பிப்பது?

---

திருப்புளி எழுதியது:

நீங்கள் எழுதியதைப் படித்து எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. மார்க்கரால் எழுதிய அந்த வீட்டு எண் இருக்கிறதே, அதைத்தான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதலில் மற்றவற்றை ஒதுக்கிவிடுவோம். மருந்துத் தாளுக்குப் போன் படமே காசில்லாத நல்ல தீர்வு, அதை வெல்ல முடியாது. டாக்டர் விவகாரத்தில் கல்லாப்பெட்டி சொன்னது பொருந்தும்: உண்மையில் ஒப்பேற்றிக்கொண்டிருப்பவர் அந்த வரவேற்பறை ஆள், போனை எடுத்து எடுத்து அவர் வேலையே நடக்காது. விற்பதானால் மருத்துவமனைக்கு விற்க வேண்டும், நோயாளிக்கு அல்ல. சார்ஜர் ஸ்பிரிங் நல்ல யோசனைதான், ஆனால் ஒயர் கழுத்துக்கு மாட்டும் உறைகள் ஏற்கெனவே சந்தையில் நிறைய இருக்கின்றன.

பெட்டகங்கள் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஜெர்மனியில் 2001-லேயே பார்சல் பெட்டக நிலையங்கள் வந்துவிட்டன. இந்தத் தொல்லைக்குக் காசு கொடுக்க ஆள் இருக்கிறார் என்பதற்கு அதுவே சாட்சி. வீட்டில் ஆள் இல்லாமல் திரும்பிப்போகும் ஒவ்வொரு பார்சலும் கம்பெனிக்கு இன்னொரு நடை, அந்த நடைக்குச் செலவு உண்டு. நீங்கள் பார்க்க வேண்டியது, பெட்டகத்துக்குள் அடங்காதது எது என்று. பெரிய பெட்டி, திருப்பி அனுப்ப வேண்டிய பொருள், பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியது, படி ஏற முடியாதவருக்கு மேலே கொண்டுபோய்க் கொடுப்பது. அந்த அக்காவிடம் கேட்டால் எந்தெந்தப் பார்சல் அவருக்குச் சுமை என்று கையைக் காட்டிச் சொல்வார்.

ஆப் இப்போது வேண்டாம். முதலில் கையாலேயே செய்யுங்கள். லிக்விட் பேப்பரைச் செய்த பெட் நெஸ்மித் ஒரு செயலாளர். தட்டச்சுப் பிழையை மறைக்க வெள்ளை டெம்பரா பெயிண்டைக் குப்பியில் எடுத்துப் போனார். பக்கத்து மேசைக்காரர்கள் தங்களுக்கும் கேட்டார்கள். 1956-ல் வீட்டுச் சமையலறையில் கலந்து, மகனையும் அவன் நண்பர்களையும் வைத்துக் குப்பிகளில் நிரப்பி விற்க ஆரம்பித்தார். 1979-ல் ஜில்லெட் அதை 4.75 கோடி டாலருக்கு வாங்கியது. தொழிற்சாலை எல்லாம் அப்புறம் வந்தது. கேட்டு வாங்கிப்போன அந்தப் பக்கத்து மேசைக்காரர்கள்தான் முதலில்.

உங்கள் தோழிகளின் "கண்டிப்பாக"வுக்கும் இதுதான் மருந்து. வாங்குவாயா என்று கேட்காதீர்கள். பொருளைக் கையில் கொடுத்துப் பழக்குங்கள், பிறகு திரும்ப வருகிறார்களா என்று பாருங்கள். போஸ்ட்-இட்டை 1977-ல் நான்கு நகரங்களில் விற்றுப் பார்த்தபோது எடுபடவில்லை. அடுத்த ஆண்டு பாய்ஸி நகரத்து அலுவலகங்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். பயன்படுத்தியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வாங்குவோம் என்றார்கள். தாள் மாறவில்லை, பசை மாறவில்லை. கையில் கிடைத்துப் பழகியதுதான் மாறியது.

ஆகவே அந்த அக்காவோடு பேசுங்கள். அவருக்குக் கட்டாயம் பங்கு கொடுங்கள், இத்தனை நாளும் சும்மா செய்துகொண்டிருக்கிறார். சில வீடுகளுக்கு மட்டும் மாதக் கட்டணம் வைத்து, பார்சலை வாங்கி வைத்து, அவர்கள் வீடு திரும்பிய பிறகு கதவில் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள். முதல் மாதம் இலவசம். இரண்டாம் மாதம் காசு கேளுங்கள். யார் தருகிறார், யார் பழையபடி சீட்டு ஒட்டுகிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

---

கல்லாப்பெட்டி எழுதியது:

காசு கேட்கும் முன் ஒன்று. அடுத்தவர் பொருளை வாங்கி வைக்கிறீர்கள். தொலைந்தாலோ உடைந்தாலோ யார் பொறுப்பு என்று எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கையில் வாங்கும்போதே பெட்டியின் நாலு பக்கமும் படம் எடுங்கள். விலை உயர்ந்த பொருளுக்கு ஒரு வரம்பு போட்டு, அதற்கு மேல் வாங்க மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

---

கோடுபோட்ட நோட்டு எழுதியது:

அக்காவிடம் பேசிவிட்டேன். பங்கு என்றதும் முதலில் "அதெல்லாம் எதற்கு" என்றார். அப்புறம் அவரே ஒரு பழைய டைரியை எடுத்து வந்தார். எந்த நாளில் யாருக்கு எத்தனை பார்சல், யார் வாங்காமல் நாள் கடத்தினார் என்று எல்லாம் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார். யாரும் கேட்காமலே! அதை வைத்து, அதிகம் பார்சல் வரும் வீடுகளை முதலில் தேர்ந்தெடுக்கப் போகிறோம். பொறுப்பு பற்றிய தாளை இன்று இரவு எழுதுகிறேன். எழுதியதை இங்கே போடுகிறேன், கல்லாப்பெட்டி ஐயா ஒருமுறை பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.

---

திருப்புளி எழுதியது:

அந்த டைரியில் திருப்பி அனுப்பிய பார்சல்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் தனியாக எண்ணுங்கள். யாரும் செய்ய விரும்பாத வேலை அது. அதற்குத் தனிக் கட்டணமே வைக்கலாம்.